பாஞ்சாலைக்குப் போன நோட்டீஸ்

நெல்லிவாசல்நாடு,
புரட்டாசி 9

சட்டக் கல்லூரியில் எழுத்துப் பாடம் எடுக்கும் மரியாதைக்குரிய அமுதவல்லி அம்மா அவர்களுக்கு, மூன்றாம் வருஷம் வெண்ணிலாவின் ஆயா சின்னக்குழந்தை வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஆடுகளும் சுகம். உங்கள் வீட்டிலும் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள், அதனால் சிவப்பு மையை எடுக்காமல் படிக்கவும்.

நேற்று என் பேத்தி வெண்ணிலா பாஸ் மார்க்கோடு வந்தாள். ஒரு மாதத்துக்கு அப்புறம் நேற்றுத்தான் களி ருசித்தது. அவள் எழுதிய வக்கீல் நோட்டீஸை இரண்டு தடவை திருப்பிக் கொடுத்தீர்களாம், மூன்றாவதும் திரும்பினால் அடுத்த வருஷம் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி படிக்கணுமாம். போன மாதம் ஜீப்பை விட்டு இறங்கும்போதே, "நான் காலேஜுக்கே போவல ஆயா, ஆடு மேய்க்கிறேன்" என்று அழுதாள். எங்கள் ஊரின் முதல் வக்கீல் பேசுகிற பேச்சா இது? சட்டம் படிக்காத ஒருவரிடம் வாசித்துக் காட்டு, அவர் கேள்வி கேட்கிற இடத்தையெல்லாம் மாற்றி எழுது என்று நீங்கள் சொல்லியிருந்ததால், என் சாமைக் கொல்லையில் பாஞ்சாலையின் ஆடு மேய்ந்த விவகாரத்தையே எழுதி வாசித்தாள். முதல் வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வருவதற்குள் அடுப்பில் களி அடிப்பிடித்துவிட்டது.

"யாருடி அந்த எதிர்தரப்பினர்?"

"பக்கத்து வூட்டு பாஞ்சாலை ஆயாதான்."

"அப்ப பாஞ்சாலைன்னே எழுதேன். பேர் எழுதினா கோர்ட்டு கோச்சிக்குமா? மேற்படி கால்நடைன்னா இன்னா?"

"ஆடு."

"ஆட்டை ஆடுன்னு சொல்லாம இருக்கவா மூணு வருஷமா படிக்கிற?"

அடித்து அடித்து எழுதி, என்றைக்கு, எந்தக் கொல்லை, எந்த ஆடு, இனி என்ன செய்யணும் என்று எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. ஆடு கருப்பு, அதை நானே கண்ணால் பார்த்தேன். அப்புறம் வெண்ணிலா குளிக்கப் போனாள். தப்பு அங்கேதான் நடந்தது. எங்கள் ஊரில் ஒருவர்மேல் உள்ள குறையைப் பேர் சொல்லிச் சொல்லிவிட்டால், பொழுது சாய்வதற்குள் அவர் வாசலில் போய்ச் சொல்லிவிட வேண்டும். வூட்டிலேயே வைத்திருந்தால் புறம் பேசினதாகிவிடும். தாள் உங்களுக்குக் காட்டத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பேரை எழுதியாகிவிட்டதே அம்மா, என்ன செய்ய? கொண்டுபோய்ப் பாஞ்சாலை கையில் கொடுத்துவிட்டேன்.

வெண்ணிலா ஈரத்தலையோடு ஓடி வந்து, "அது பரிட்சைத் தாளு, குடுத்துடுங்க" என்று கெஞ்சினாள். "என் பேருக்கு வந்ததை நான் ஏன் தரணும்?" என்று பாஞ்சாலை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். அவள் எட்டாவது படித்தவள், அந்தத் திமிர் எப்போதும் உண்டு. ஒரு எழுத்து விடாமல் படித்தாள். துடைப்பம் பறந்து வரும் என்று நான் இரண்டடி தள்ளியே நின்றேன்.

"மூணு வருஷமா உங்க ஆயா கத்தறது ஒண்ணும் புரியல கண்ணு. இது புரியுது. ஆடுங்களைக் கட்டிப்போட்டுடறேன், கொல்லைக்கு வேலியும் போட்டுத் தர்றேன்" என்றாள். தாளின் அடியில் 'படித்தேன், எல்லாம் புரிந்தது, பாஞ்சாலை' என்று எழுதி மஞ்சள் அரைத்த கையின் கறையோடு திருப்பிக் கொடுத்தாள். வேறு தாளில் எழுத நேரமில்லை, ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கறைத் தாளில், பாஞ்சாலையின் வரிக்குக் கீழேதான் நீங்கள் சிவப்பில் டிக் போட்டிருக்கிறீர்கள். பார்த்துப் பார்த்து மடித்து வைத்தேன்.

உங்கள் பேனாவும் பிள்ளைகளும் நன்றாக இருக்கட்டும். மலைப்பக்கம் வந்தால் உங்களுக்குத் தேனும் சாமைச் சோறும் உண்டு.

இப்படிக்கு,
சின்னக்குழந்தை

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் கொல்லைக்குப் போய்வந்தேன். பாஞ்சாலையின் மகன்கள் முந்தாநாளே முள்வேலி கட்டி முடித்துவிட்டார்கள். அவள் ஆடுகள் எல்லாம் கயிற்றில். அப்படியும் இன்றைக்கு ஒரு பாய் அகலம் சாமை மேய்ந்திருக்கிறது. வேலிக்கு உள்ளேதான் என் ஆட்டுக் கொட்டகையும் இருக்கிறது. எங்கள் ஆடு கருப்பி வாயை அசைத்துக்கொண்டு நிற்கிறாள். இப்போது குறை என்மேல். பொழுது சாய்வதற்குள் பாஞ்சாலை வாசலில் சொல்லியாக வேண்டும். வெண்ணிலா எழுதித் தருகிறேன் என்கிறாள். நீங்கள் சொல்லித்தந்தபடி எழுதினால் பாஞ்சாலைக்கு எல்லாம் புரிந்துவிடும். அதனால் நீங்கள் முதலில் திருப்பிக் கொடுத்தீர்களே, அந்த மாதிரியே எழுதச் சொல்லியிருக்கிறேன். அதற்காகப் பிள்ளையின் மார்க்கில் கை வைக்க வேண்டாம்.