ஓடைக்கு அந்தப் பக்கம் போகவேண்டிய நாற்பது பீப்பாய்

விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. கணக்குப் பார்க்கும் ஹாலிஸ் அதைத் தூக்கிக்கொண்டு முதலாளியம்மாவிடம் ஓடினான்.

கென்டக்கியில் அந்தச் சின்ன வடிசாலையின் கிடங்கு நிரம்பி வழிந்தது. வரி கட்டாத விஸ்கி நாற்பது பீப்பாய், ஓடைக்கு அந்தப் பக்கம் கிளெட்டஸின் வடிசாலைக்குப் போகவேண்டும். வரி பாக்கி என்பதால், அரசு அனுமதி இல்லாமல் ஒரு பீப்பாய்கூட வாசலைத் தாண்டக்கூடாது. மாதக் கடைசிக்குள் அனுப்பாவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்ளும்படி முதலாளியம்மா வெர்னா சொல்லியிருந்தார்.

"அனுப்புறவங்க கேட்கக்கூடாதாம், அம்மா. வாங்கிக்கிறவங்கதான் கையெழுத்துப் போட்டுக் கேட்கணுமாம்."

"கிளெட்டஸா? சோளத்தை ஒழுங்கா வேகவைக்கத் தெரியாத ஆளு! அந்த ஆளைப் போய்க் கெஞ்சணுமா?"

ஹாலிஸே போய்க் கெஞ்சினான். ஆறு வருடத்துக்கு முன், சந்தையில் யார் விஸ்கிக்குப் பரிசு என்பதில் முட்டிக்கொண்டதிலிருந்து வெர்னாவுக்கும் கிளெட்டஸுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"வரேன் தம்பி. ஆனா அந்தம்மா முன்னாடி உட்கார்ந்துதான் கையெழுத்துப் போடுவேன்," என்றார் கிளெட்டஸ்.

வந்தார். ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. கடைசியில் கையெழுத்து விழுந்தது.

அதுவும் திரும்பி வந்தது. வாங்குபவரின் உரிம எண் இருக்கவேண்டிய கட்டத்தில் அனுப்புபவரின் எண் இருந்தது.

"நீங்க சொன்ன எண்ணைத்தானேம்மா எழுதினேன்?"

"நான் ஆயிரம் சொல்வேன். உனக்கு மூளை எங்க போச்சு?"

இனி ஏமாறக்கூடாது என்று, பத்துப் படிவங்களில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவைத்தான் ஹாலிஸ். வெர்னா அம்மாளின் கை பட்டு, ஜாடியில் இருந்த ஐஸ் டீ முழுவதும் அவற்றின் மேல் கொட்டியது.

"ஐயையோ, பாவம் அந்த மனுஷன்! மறுபடி வரணுமே," என்றார் அவர்.

கிளெட்டஸ் மறுபடி வந்தார். மறுநாள் பேனாவில் மை இல்லை. அதற்கு மறுநாள் மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். சண்டை மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. நடுநடுவே சாப்பாடு வேறு. பரிமாறியே ஹாலிஸுக்கு இடுப்பு விட்டுப்போனது.

மாதக் கடைசியும் வந்தது. பீப்பாய் ஒன்றுகூட நகரவில்லை. ஹாலிஸ் லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"என் வேலை போச்சு, டார்ல்! வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டிகிட்ட என்னன்னு சொல்வேன்?"

லாரி ஓட்டும் டார்ல் இளகிய மனசுக்காரர். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு இருக்கைக்கு அடியிலிருந்து பழுத்துப்போன காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

ஹாலிஸ் படித்தான். கிளெட்டஸ் கேட்டு, அரசு கொடுத்த அனுமதி. இங்கிருந்து அங்கே பீப்பாய் அனுப்பலாம். தேதி, பதினெட்டு வருடத்துக்கு முந்தையது.

"காலாவதி ஆகியிருக்குமே!"

"ஆகாது சார். ரத்து பண்ற வரைக்கும் செல்லும். இதை வெச்சுத்தான் அந்தக் காலத்துல எத்தனையோ நடை அடிச்சேன்."

"அடப்பாவி! முதல் நாளே காட்டியிருக்கலாமே?"

உள்ளே வெர்னா அம்மாளும் கிளெட்டஸும் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. டார்ல் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எப்படி சார் காட்டுறது? உங்க கண்ணுல படவே கூடாதுன்னு ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம, தனித்தனியா வந்து என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்களே!"