குளிப்பாட்டிய நெட்டிலிங்கம்

சனிக்கிழமை காலை பத்து இருபதுக்குக் குழாயைத் திறந்தேன். அதற்கு முந்தைய நிமிடம்வரை நான் புத்திசாலி.

மறுநாள் என் மகள் நித்யாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. பிள்ளையும் பெண்ணும் தாங்களே முடிவு செய்துவிட்டார்கள். பையனின் அம்மா மட்டும், "வீட்டைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றிருந்தார். (எதைப் பார்ப்பார் என்று யோசித்தே ஒரு வாரத் தூக்கம் போனது.) அபிராமபுரத்தில் எங்கள் கூடத்து ஜன்னலைத் திறந்தால் பக்கத்து ஆண்கள் ஹாஸ்டலின் முதல் மாடிதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கொடி முழுக்க பனியன், ஜட்டி. மரம் வைத்தாவது மறைத்தாக வேண்டும்.

"அதெல்லாம் மறைக்க வேண்டாம்மா," என்றாள் நித்யா. நான் காதில் வாங்கவில்லை.

அடையாறு பக்கம் ஒரு நர்சரியில் நெட்டிலிங்கம் மூன்று விதமாகக் கிடைத்தது. கறுப்புக் கவரில் முழங்கால் உயரக் கன்று. தொட்டியில் வளர்ந்தது, இடுப்பளவு. நிலத்திலிருந்து வேரும் மண்ணுமாகத் தோண்டி, அடியை உருண்டையாகச் சாக்கில் கட்டியது, பத்தடி. கவர்க் கன்று வளர்ந்து மறைப்பதற்குள் நித்யாவின் பிள்ளை காலேஜ் போய்விடும். தொட்டிச் செடி ஜன்னல் விளிம்பைக்கூடத் தொடாது. சாக்கு மரத்தில் ஆறு எடுத்தேன்.

"இன்னா அவசரம்மா? தொட்டில கீறதே நல்லா புட்சிக்கும்," என்றார் நர்சரிக்காரர். "சாக்குதான் வேணும்னா, மண்ணு உதிராம அப்டியே குழில எறக்கணும்."

நான் அப்போது போனில் சமையல்காரரோடு கேசரியின் நிறம் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தேன்.

மரங்கள் வந்து இறங்கின. குழி வெட்டுபவர் மதியம்தான் வருவார். அதற்குள் சாக்கிலிருந்து செம்மண் கசிந்து, கழுவிவிட்ட வாசல் பாழாகிக்கொண்டிருந்தது. கொரோனா காலத்தில் பால் பாக்கெட்டுக்குச் சோப்புப் போட்டவள் நான். கடையிலிருந்து வந்த எதையும் இன்றுவரை கழுவாமல் உள்ளே விடுவதில்லை. சாக்கை அவிழ்த்தேன். கீரைக்கட்டை அலசுவதுபோல ஆறு மரத்தின் வேரையும் ஒரு பொட்டு மண் இல்லாமல் அலசி, சுவரில் சாய்த்து வைத்தேன். (மஞ்சள்தூள் போடலாமா என்று ஒரு கணம் யோசித்ததும் உண்மை.)

என் கணவர் வந்து பார்த்தார். "குளிப்பாட்டியாச்சு. பவுடர் போடலையா?" (இன்றும் நான் கீரை அலசினால் வீட்டில் யாராவது ஒருவர் "பவுடர்?" என்பார்.)

அன்று மாலையே ஜன்னலுக்கு வெளியே வரிசையாக நட்டாயிற்று; ஞாயிறு மதியம் ஆறும் தலையைத் தொங்கப்போட்டுவிட்டன. பழைய புடவையைக் கிழித்துக் கம்போடு கட்டி நிமிர்த்தினேன். எலும்பு முறிவு வார்டு போல இருந்தது. மரத்துக்கு மரம் ஓடித் தண்ணீர் தெளித்தேன். சுருண்ட இலைகளுக்கு நடுவே, எதிர் மாடியில் ஒருவர் கோடு போட்ட அண்டர்வேரை நிதானமாக உதறிக் காயப்போட்டார்.

நாலு மணிக்குக் கார் வந்தது. பையனின் அம்மா உட்காரவில்லை, நேராக ஜன்னலுக்குப் போனார். போச்சு என்று நினைத்தேன்.

"நீ தங்கியிருந்த ரூம் எதுடா?" என்று மகனைக் கேட்டார்.

அவன் கை நீட்டினான். பனியன் கொடிக்குப் பின்னால், இரண்டாவது கதவு.

நித்யா தரையைப் பார்த்தாள். (ஜாதகம், சம்பளம், ரத்தப் பிரிவு எல்லாம் விசாரித்த நான், இருவருக்கும் எங்கே பழக்கம் என்று மட்டும் கேட்கவேயில்லை.)

அந்த அம்மா என் ஆறு நோயாளிகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இதை மூணு வருஷம் முன்னாடியே வச்சிருக்கணும், சம்பந்தி."