சுத்தம்: சுத்தம் செய்யும்

கணினி நிரல் எழுதுகிறவர்களில் ஓர் இனம் உண்டு. 'தானாக வந்துவிடும்' இனம். எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் அதன் சிறந்த பிரதிநிதி ஒருவர் இருக்கிறார்; தானியங்கி என்று பெயர் வைத்திருக்கிறோம். கெட்டிக்காரர். கருப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால் ஊர்ப்பட்ட வேலையை முடித்துக் கொடுக்கும் கருவிகளைச் செய்வார். அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது.

"அதை நான் எதுக்கு எழுதணும்? புரோகிராம்லேர்ந்து கையேடு தானா வந்துடும்" என்பார்.

வரும். நிரலுக்குள் தான் போட்டுவைத்த குறிப்புகளை இன்னொரு நிரலால் உருவியெடுத்து, தலைப்பிட்டு, எண்ணிட்டு, பொருளடக்கமும் போட்டு, தலையணை தடிமனுக்கு ஒரு கையேட்டை நொடியில் வரவழைப்பார். உள்ளே என்ன இருக்கும்? 'நகர்த்து: நகர்த்தும். சுருக்கு: சுருக்கும். சுத்தம்: சுத்தம் செய்யும்.' சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

எங்கள் புகைப்படப் பிரிவுத் தலைவி ஒரு படத்தைக்கூடத் தொலைத்தறியாதவர். அவர் ஒருநாள் காலை அந்தக் கையேட்டை நம்பினார். படத்தொகுப்பில் ஒரே படம் இரண்டு மூன்று தடவை ஏறிக் கிடந்தது. மிகுந்ததை மட்டும் நீக்கலாம் என்று 'சுத்தம்' என்று தட்டினார். சுத்தமாகிவிட்டது. ஒன்றுமே இல்லை.

நேராகத் தானியங்கியின் மேசைக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"தம்பி, என் படமெல்லாம் எங்கே?"

"என்ன குடுத்தீங்க அக்கா?"

"சுத்தம்."

"கையேட்டைப் பாத்தீங்களா?"

"பாத்துத்தான் குடுத்தேன். சுத்தம் செய்யும்னு போட்டிருந்துச்சு."

தானியங்கி நிம்மதியாக மூச்சு விட்டார். "அப்ப கையேடு சரியாத்தான் இருக்கு."

போன வாரம் எடுத்துவைத்திருந்த மாற்றுப் பிரதியிலிருந்து பழைய படங்கள் திரும்பி வந்தன. அந்த வாரத்து வெள்ளப் படங்கள் வரவில்லை. கேமராவின் மெமரி கார்டையும் அடுத்த வேலைக்காக அழித்தாகிவிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அவற்றை எடுத்த புகைப்படக்காரர் யாரையும் திட்டவில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து கேமராவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்துத் தானியங்கிக்கே மனம் கலங்கிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கும் போகாமல் நிரலைத் திருத்தினார். கையேடு புதிதாக வந்தது. ஆவலோடு திறந்தோம்.

'சுத்தம்: சுத்தம் செய்யும். எச்சரிக்கை: எச்சரிக்கையாகச் சுத்தம் செய்யவும்.'

தலைவி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதை எழுதினது மிஷினா, நீங்களா?"

"நானேதான் அக்கா" என்றார் தானியங்கி, கூச்சத்தோடு.

நமக்குத்தான் நிரல் எழுதத் தெரியாதே என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். நேற்று உங்கள் அப்பா மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு "இது எதுக்கு?" என்று கேட்டபோது, போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அதுலயே போட்டிருக்கே, படிச்சுப் பாருங்க" என்று சொன்னது யார்?