சேவலுக்குக் கூரை

தன் வீட்டு அம்மி இனிமேல் வாயைத் திறக்கக் கூடாது என்று ஜைரோஸ் அன்று காலையில் முடிவு கட்டினான். சும்மா சொல்லவில்லை. முற்றத்தின் நடுவில் நின்று, செத்துப்போன அப்பாவை மனசில் நினைத்துக்கொண்டு, நெஞ்சில் கை வைத்துச் சொன்னான்.

அம்மி பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. அதன் முன்னால் மண்டி போட்டு அரைத்த அவன் பெண்டாட்டி மைதேய்தான் பாடினாள். அவர்கள் ஊரான புஹேராப் பக்கத்தில் அம்மியில் தானியம் அரைக்கிறவள் எதை வேண்டுமானாலும் பாடலாம். புருஷனைத் திட்டலாம், மாமியாரைக் கிழிக்கலாம். ஏன் என்று ஒருத்தரும் கேட்கக் கூடாது. குழவியைக் கீழே வைத்துவிட்டு அதையே சொன்னால் சண்டை. குழவி கையில் இருக்கிற வரைக்கும் அது வெறும் பாட்டு.

மைதேய் விடுவாளா?

"சோறுன்னா ஓடி வருவான், வேலைன்னா இடுப்பு வலிம்பான்,
குறட்டைச் சத்தத்துல கழுதை கயித்தை அறுக்கும்..."

இதோடு போனால்கூடப் பரவாயில்லை என்று ஜைரோஸ் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான். ஆபத்து கடைசி அடியில் இருந்தது. அது சமையல் குடிசையின் கூரை ஓட்டையைப் பற்றியது. நல்லவேளையாக, அந்த அடி வருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கிவிடும்.

ஆனால் இந்த முறை விஷயம் பெரிது. அப்பா இறந்து வருஷமாகிவிட்டது. அவருடைய ஆவியை வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அதற்கு முளைகட்டிய கேழ்வரகை மருமகள் அரைக்க வேண்டும், பீர் காய்ச்ச வேண்டும். முதல் பானையைச் சமையல் குடிசையின் மண்மேடையில் வைத்தால்தான் பெரியவர் உள்ளே வருவார். எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, அப்பாவின் அக்கா வருகிறாள். அத்தை வாய் திறந்தால் ஊர்த் தலைவனே தொப்பியைக் கழற்றிவிடுவான். அவள் காதில் அந்தக் கடைசி அடி விழுந்தால் ஜைரோஸின் மானம் கப்பலேறிவிடும்.

பக்கத்து வீட்டு ஸக்காயோதான் வழி சொன்னான்.

"மெஷின் வாங்குடா. கையால சுத்துற மெஷின். கடையில இருக்கு."

"வாங்கினா?"

"அம்மி இல்லேன்னா பாட்டு ஏது? அதுலயும் நீயே சுத்தினா, அவ எந்த உரிமையில பாடுவா?"

ஜைரோஸுக்கு அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. ஒரு ஆட்டைக் கொடுத்து மெஷினை வாங்கிவந்து, பலகையில் இறுக்கி முடுக்கினான்.

"மைதேய், இதை நீ தொடவே கூடாது. விரலைத் துண்டாக்கிடும். இது ஆம்பளைங்க சமாச்சாரம். நானே அரைக்கிறேன்."

"நீங்களா?"

"உன் முட்டி தேய்ஞ்சது போதும்னுதான்."

"ஐயோ ஷோராய் அப்பா! என் மேல இவ்வளவு பாசமா?" பிள்ளையின் பெயரைச் சொல்லி அவனை அழைத்து, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜைரோஸ் பெருந்தன்மையாக அவள் தோளைத் தட்டினான்.

அத்தை வந்தாள். மரத்தடியில் பாய் போட்டு உட்கார்ந்தாள். மெஷினை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆம்பளை அரைச்ச மாவுல என் தம்பிக்கு பீரா?"

"அத்தை, மருமக கை படாம எப்படி?" என்றாள் மைதேய் பணிவாக. "அவர் சுத்தட்டும். நான் தானியம் போடறேன்."

"அப்ப சரி. போடற கைதான் அரைக்கிற கை. ஆரம்பிங்க."

ஜைரோஸ் கைப்பிடியைச் சுழற்றினான். மைதேய் வாயில் ஒரு கைப்பிடி கேழ்வரகைப் போட்டாள். மெஷினின் வாயில்தான். பிறகு தன் வாயைத் திறந்தாள்.

"சோறுன்னா ஓடி வருவான்..."

"ஏய்! அம்மிதான் இல்லையே, என்ன பாட்டு?"

"டேய்!" என்றாள் அத்தை. "அரைக்கிறவ பாடுவா. நீ சுத்து."

மண்டி போடவில்லை, முதுகு வளையவில்லை. நிமிர்ந்து நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, இடுப்பை ஆட்டி ஆட்டிப் பாடினாள். வேலிக்கு வெளியே கூட்டம் சேர்ந்தது. ஜைரோஸ் வேகமாகச் சுற்றினான், பாட்டும் வேகமாகப் போனது. நிறுத்தினான்.

"ஏன்டா நிறுத்தினே? உங்கப்பன் வீட்டுக்கு வரணுமா, வேண்டாமா?"

சுற்றினான். காதைப் பொத்தவும் வழியில்லை, இரண்டு கையும் கைப்பிடியில் இருந்தன.

"கூரைக்குன்னு அறுத்த புல்லு சேவல் கூண்டு மேல கிடக்கு,
சேவல் நனையாது சாமி, மாமா நனைஞ்சாரே!"

அத்தை எழுந்து சமையல் குடிசைக்குள் போனாள். கூரை ஓட்டை வழியாக வெயில் இறங்கி, பானை வைக்க வேண்டிய மண்மேடைமேல் வட்டமாக விழுந்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்து அவன் எதிரில் நின்றாள்.

"சாகற வரைக்கும் என் தம்பி மேல சொட்டுச்சு. செத்த பிறகும் அவன் நனையணுமா, ஜைரோஸ்?"

ஜைரோஸ் தலையைத் தொங்கப் போட்டான். குளிர் காய அந்த அடுப்படியில்தான் உட்காருவார் அப்பா; கூரையை மேயச் சொல்லி எத்தனை தடவை கேட்டார்! ஒவ்வொரு தடவையும் "நாளைக்கு, அப்பா" என்றுதான் சொன்னான். சந்தையில் ஆசைப்பட்டு வாங்கிய சேவலுக்கு மட்டும் நாளைக்கு என்று சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

மதியமே சேவல் கூண்டின் புல் இறங்கியது. சேவல் வெயிலில் நின்று அவனை முறைத்தது. ஜைரோஸ் கூரைமேல் ஏறினான். கீழேயிருந்து புல்கட்டை எடுத்துக் கொடுக்க ஸக்காயோ வந்தான். மண்மேடைமேல் விழுந்த வெயில் வட்டம் சின்னதாகிக்கொண்டே வந்து, கடைசியில் அணைந்தது. உள்ளே அத்தை ஆவிக்கு மரியாதையாக மெதுவாகக் கை தட்டி, தம்பியிடம் ஏதோ சொல்வது கேட்டது. ஜைரோஸுக்கு முதல் தடவையாக மூச்சு சுலபமாக வந்தது.

மூச்சு வந்ததும் கோபமும் வந்தது.

"எல்லாம் உன்னாலதான்டா ஸக்காயோ. மெஷினாம் மெஷின்! அம்மியா இருந்திருந்தா அந்தக் கடைசி அடிக்கு வர்றதுக்குள்ள அவளுக்கு மூச்சு வாங்கியிருக்கும்."

"அதைத்தான் அவளும் சொன்னா."

"எவ?"

"உன் பொண்டாட்டிதான். அதுக்குத்தானே உன்கிட்ட மெஷினைப் பத்திப் பேசச் சொல்லி என்னை அனுப்பினா."