இரண்டு பிள்ளை மடுவங்கள்

பிள்ளை டாக்டருக்குப் படித்தால் ஊருக்குச் சொல்ல ஒரு சொல் போதும். உயிர்மருத்துவ விஞ்ஞானம் படித்தால், சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் பஸ் ஏறிப் போய்விடுவார். பெற்றவர்களுக்கே அது என்னவென்று பாதிதான் விளங்கும். மீதிப் பாதியைப் பயம் நிரப்பிக்கொள்ளும்.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவத்துக்கு நான்தான் பொறுப்பு. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. (அதற்கு அரசாங்கம் வைத்த நீளமான பெயர் ஒன்றும் உண்டு. வாசல் பலகையைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்வதில்லை.) என் மகள் ஷாமினியும் அந்த மடுவத்தில் தவழ்ந்தவள்தான். பல்கலைக்கழகத்தில் கடைசி வருட ஆராய்ச்சி தொடங்கியபோது போனில் சொன்னாள்:

"அம்மா, நானும் இப்ப ஒரு புள்ள மடுவம் பாக்குறேன். சூடா வச்சுக்கணும், சுத்தமா வச்சுக்கணும், கதவ நல்லா சாத்தணும். ஒங்க வேலையேதான்."

"சாப்பாடு?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்."

சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். (எங்கள் மலையில் எல்லாப் பழியும் சிக்னலுக்குத்தான்.) ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் பயிற்சிக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நானே முடிவுகட்டி, ஞாயிறு பூசைக்கு வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை. குழந்தை ஒன்றைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோது அவளுடைய குரல் செய்தி வந்தது. பாதி அழுகை.

"அம்மா, மடுவத்துல எல்லாம் செத்துப்போச்சும்மா. ஒண்ணுகூட மிஞ்சல. நேத்து நான்தான் கதவ சரியா சாத்தல. எனக்கு இந்தப் படிப்பே வேணாம்மா."

திருப்பி அழைத்தேன். போன் அணைந்திருந்தது. தோளிலிருந்த குழந்தை நிம்மதியாக ஏப்பம் விட்டது. அதை உதவிக்கு இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு பஜாருக்கு ஓடினேன்.

என் கணவர் அங்கே முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். செய்தியைக் காதில் வைத்துக் கேட்டார். வண்டியைக் கிளப்பினார். "ஏறு" என்றார்.

ஹட்டனில் வண்டியை நிறுத்திவிட்டுப் பஸ் ஏறினோம். உட்கார்ந்த பிறகு மெதுவாகக் கேட்டார், "லாயர் யாரையாச்சும் தெரியுமா?"

"லாயர் கெடக்கட்டுங்க. அந்தத் தாய்மாருக்கு என்னா பதில் சொல்றது?"

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. போனை ஏன் அணைத்தாள்? தனியாக எங்கே இருக்கிறாள்? நான் செபமாலையை உருட்டினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

பல்கலைக்கழகக் காவலாளி அவளுடைய பகுதிக்கு வழி காட்டினார். கட்டடத்தின் படியில் ஒரு விரிவுரையாளர் இறங்கி வந்துகொண்டிருந்தார். அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த சிங்களத்தைக் கொட்டினேன்.

"மிஸ், லமய் மெருணா! லமய் ஒக்கொம மெருணா!"

பிள்ளைகள் எல்லாரும் செத்துப்போனார்கள் என்றுதான் சொன்னேன். எனக்கு 'லமய்' என்றால் குழந்தைகள். பல்கலைக்கழக விரிவுரையாளருக்கு 'லமய்' என்றால் மாணவர்கள் என்பது அப்போது என் புத்தியில் இல்லை. எங்கே என்று அவர் பதறிக் கேட்டார். என் விரல் மாடியைக் காட்டியது.

அந்த அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே ஓடினார். அபாய மணி அலறியது. வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் படிகளில் உருண்டு புரளாத குறையாக இறங்கினார்கள். ஒருவர் தீயணைக்கும் சிவப்புச் சிலிண்டரோடு எதிர்த்திசையில் ஏறினார். கட்டடம் முழுவதும் புல்தரையில் வந்து நின்றது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஷாமினி இல்லை. மறுபடி முதல் முகத்திலிருந்து பார்த்தேன்.

"அங்க பாரு" என்றார் என் கணவர்.

விடுதிப் பக்கமிருந்து பயணப் பையோடு வந்துகொண்டிருந்தாள். படிப்பை விட்டு வீட்டுக்கு வரக் கிளம்பியவள்.

"அம்மா? நீங்க எங்க இங்க?"

கட்டிப்பிடித்தேன். பிறகு முதுகில் ஒன்று வைத்தேன். "எத்தன புள்ளடி? சொல்லு, எத்தன புள்ள?"

"எந்தப் புள்ள?"

"ஒன் மடுவத்துப் புள்ளடி!"

என்னைப் பார்த்தாள். புல்தரையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். "ஐயோ அம்மா, அது கலம்மா. போத்தல்ல போட்டு சூட்டுப் பெட்டியில வளக்குற கலம், ஒடம்புல இருக்குமே அந்த செல். கண்ணுக்குக்கூடத் தெரியாது. வெளையாட்டுக்குத்தானே புள்ளன்னு சொல்வேன்."

விரிவுரையாளருக்கும் அதைச் சிங்களத்தில் சொன்னாள். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். புல்தரை முழுக்கச் சிரித்தது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப யாரும் சாகலயாம்மா?"

"இல்லப்பா."

அவர் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் வெகுநேரம் முகம் துடைத்தார்.

ஒரு சிங்களப் பிள்ளை, கையுறையைக்கூடக் கழற்றாமல், ஷாமினியிடம் வந்து என்னவோ சொன்னது. தன் பிள்ளைகளில் கொஞ்சம் தருகிறேன், எடுத்து வளர்த்துக்கொள் என்றதாம். விரிவுரையாளரும் தலையசைத்தார். தன் படிப்புக் காலத்தில் தானும் ஒருமுறை எல்லாவற்றையும் சாகவிட்டதாகச் சொன்னார். வேலை சில வாரம் பின்தங்கும், அவ்வளவுதான்.

ஷாமினி பையைத் தேடினாள். பை அங்கே இல்லை. அவளுடைய அப்பா அதைத் தோளில் போட்டுக்கொண்டு விடுதியை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

இப்போது அவர் போனை எடுத்ததும் முதல் கேள்வி, "மடுவத்துல எல்லாருக்கும் சொகமா?" பஜார் முழுக்க இந்தக் கதை தெரியும். நானும் சிரிப்பேன். ஆனால் அவளிடமிருந்து குரல் செய்தி வந்தால் கேட்பதற்கு முன்னால் இன்றும் எங்காவது உட்கார்ந்துகொள்கிறேன். மாலையில் எங்கள் மடுவத்தைப் பூட்டியதும் அவளுக்கு ஒரு வரி அனுப்புவேன்: கதவு சாத்தியாச்சா? சாத்தியாச்சு என்று பதில் வரும்.

போன வாரம் விருந்தாளிகள் வந்ததில் மறந்துபோனேன். விளக்கு வைக்கும் நேரத்தில் அவளே அழைத்தாள்.

"என்னாம்மா, இன்னைக்கு கேக்கல? ரெண்டு தடவ போய் இழுத்துப் பாத்துட்டேன். சாத்தியாச்சு."

அப்போதுதான் நினைவு வந்தது. எங்கள் மடுவத்துக் கதவை அன்று நான் சாத்தினேனா? டோர்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன்.