மலையேறுமுன் நின்ற ரேஸ் கார்

வீடியோ கேமில் ஆக மெதுவாகக் கார் ஓட்டுபவருக்கு உலகக் கிண்ணம் ஒன்று வைத்தால், அது கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி வேறெங்கும் போகாது. அங்கே நாங்கள் வாடகைக்குத் தங்கியிருந்த போர்டிங்கில் இருந்த ஹோன் அண்ணனுக்குத்தான் அது. போட்டியே இருக்காது. இரண்டாவதாக வருவதற்குக்கூட வேறு யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது.

சொந்தப் பெயர் ஏதோ இருந்தது. போர்டிங் அம்மாவுக்கே அது மறந்துவிட்டது. மனுசன் கண்டி - நுவரெலியா பாதையில் ஓடிய பஸ் டிரைவர். ஒரு மழைநாளில், றம்பொடப் பக்கம், பஸ் வழுக்கி மண்மேட்டில் சாய்ந்தது. பிரயாணிகளுக்கு ஒரு கீறலும் இல்லை. இவருக்குக் கால் முறிந்தது. கால் கூடிவிட்டது, ஆனால் ஸ்டியரிங்கில் கை வைத்தால் நடுக்கம். டிப்போவில் பஸ் வரும் போகும் நேரத்தை எழுதும் மேசையில் உட்கார வைத்தார்கள். பொங்கலுக்குள் மறுபடி பஸ் ஓட்டாவிட்டால் அந்த மேசையே நிரந்தரம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அவர் வீடு புசல்லாவையில், ரோட்டோரம். முன்பெல்லாம் வீட்டைக் கடக்கும்போது நீளமாக ஒரு ஹோன் அடிப்பார். மகள் வாசலுக்கு ஓடி வந்து கை காட்டும். அது நின்றுபோனதுதான் அண்ணனுக்குக் கால் வலியைவிடப் பெரிய வலி.

அறையில் நாங்கள் மூன்று பேர். அண்ணன், பேராதனையில் கிளார்க்காக இருந்த நான், டவுனில் போன் கடையில் வேலைக்கு நின்ற, திகன ஊர்க்காரன் நவாஸ். டிவியில் பூட்டி விளையாடும் கேம் மெஷினை ஸ்டியரிங், பிரேக் சகிதம் கொண்டு வந்தவன் நவாஸ்தான்.

"அண்ணே, சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்களே" என்றான்.

அண்ணன் முதலில் கதிரையைச் சரி பண்ணினார். பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குள் மற்றக் கார்களெல்லாம் ஒரு சுற்றை முடித்துவிட்டு வந்து இவரைக் கடந்து போயின.

"ஹோன் எங்க இருக்கு?"

"ரேஸ் காருக்கு ஹோன் இல்லண்ணே."

"அப்ப வளைவுல எதிர்ல வர்றவனுக்கு எப்பிடித் தெரியும்?"

"எதிர்ல யாரும் வரமாட்டான்."

"அது கேம் செஞ்சவன் சொல்லுவான். நம்ம நம்பலாமா?"

அன்றிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் வாயாலேயே ஹோன். "பாஆஆம்!" என்று அவர் அடித்தால் வாசலில் படுத்திருக்கும் நாய் எழும்பி வழி விடும். பெயர் வந்தது அப்படித்தான்.

பிறகு ஒருநாள் திரையில் மலைப்பாதை வந்தது. அண்ணன் அடிவாரத்திலேயே பிரேக் அடித்தார்.

"ஏண்ணே நிப்பாட்டிட்டீங்க?"

"மல ஏறப் போறோம்ல. உண்டியல்ல காசு போட வேணாமா?"

எங்கள் பக்கம் மலையேறும் பஸ்ஸுக்கு அது பழக்கம். அடிவாரப் பிள்ளையார் கோயிலில் நிறுத்தினால் கண்டக்டர் குதித்து இறங்கி, சில்லறையைப் போட்டுவிட்டு ஓடி வருவான். ஆனால் எந்த நாட்டுக்காரனோ செய்த கேமில் பிள்ளையாருக்கு எங்கே போவது? மனுசன் அசைகிற வழியாக இல்லை. கடைசியில் நான் ஒரு காலிப் பால்மா டின்னை டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"நவாஸ், எறங்கிப் போட்டுட்டு வா" என்றார் அண்ணன்.

"நானாண்ணே? எங்க வாப்பா கேட்டா என்ன சொல்லுவாரு?"

"கண்டக்டர் வேல பாத்தேன்னு சொல்லு."

நவாஸ் சிரித்துக்கொண்டே கட்டிலிலிருந்து குதித்துப் போட்டுவிட்டு வந்தான். நாளடைவில் கட்டில் பலகையைத் தட்டி "ரைட் ரைட்!" சொல்லவும் பழகிக்கொண்டான்.

ஓட்டி முடிந்ததும் அண்ணனின் விமர்சனம் தொடங்கும். "ரோடு நல்லா போட்டிருக்கான், அதுல கொற சொல்லக் கூடாது. ஆனா ரோட்டுல ஒரு மாடு உண்டா? கொடையோட குறுக்க பாயிற ஆளு உண்டா? பின் சீட்டுல வாந்தி எடுக்க ஒருத்தர் இல்ல. இதெல்லாம் ஒரு பயணமா?"

கேம் என்றால் எனக்கு உயிர். "கை பழகும், கண்ணு கூர்மையாகும்" என்று நானும் விடாமல் வாதாடுவேன். "கையி பழகும் தம்பி. மனசு?" என்பார்.

ஒரு சாயங்காலம் கேமில் மழை. வளைவில் கார் வழுக்கிப் பள்ளத்தில் உருண்டது. அண்ணன் ஸ்டியரிங்கை விட்டுக் கையை இழுத்துக்கொண்டார். அதற்குள் திரையில் புதுக் கார் வந்து நின்றது.

"பாத்தீங்களா? இதுதான் இதுல பெரிய கொற. கவுந்தவன் அழுறதுக்குக்கூட நேரம் குடுக்க மாட்டேங்கிறான்" என்றார். கதிரையை மறுபடி சரி பண்ணினார். பிறகு, "நல்லதும் அதுதான் போல" என்று முனகிவிட்டு அதே வளைவுக்குப் போனார். கவிழ்ந்தார். மறுபடி போனார். மறுபடி கவிழ்ந்தார். சோறு ஆறிப்போனது. கடைசியில் நீளமாக ஒரு வாய் ஹோனோடு வளைவைத் தாண்டினார் பாருங்கள், நாங்கள் போட்ட கூச்சலில் போர்டிங் அம்மா அகப்பையோடு ஓடி வந்தார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அண்ணன் மறுபடி டிரைவர் சீட்டில் ஏறினார். நானும் நவாஸும் லீவு போட்டு முன் சீட்டில். கம்பளை தாண்டியதும் கோயிலடியில் பஸ் நின்றது. அண்ணன் சீட்டுக்கடியிலிருந்து அந்தப் பால்மா டின்னை எடுத்துக் கண்டக்டரிடம் நீட்டினார்.

"இவ்வளவுமா அண்ணே?"

"கொட்டிட்டு வா. அங்க ஏறின மலைக்கெல்லாம் இங்கதான போடணும்."

நவாஸ் எழும்பி டின்னைப் பிடுங்கிக்கொண்டான். "தாங்க, நான் போடுறேன். அந்த ரூட்டுக்கு நான்தானே கண்டக்டர்."

புசல்லாவையில் அண்ணன் ஹோனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. பாதிப் பின்னலோடு ஒரு சின்னப் பிள்ளை வாசலுக்கு ஓடி வந்தது. அண்ணன் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"நிக்கிறாளா?"

"நிக்கிறா அண்ணே."

"கை காட்டுறாளா?"

"ரெண்டு கையாலயும்."

பழையபடி அந்தப் பாதையில் ஓடத் தொடங்கியதும் அண்ணன் போர்டிங்கை விட்டு வீட்டோடு போய்விட்டார். நானும் நவாஸும் இப்போதும் விளையாடுகிறோம். மலை வந்தால் நிறுத்தி, இன்னொரு டின்னில் சில்லறை போட்டுவிட்டுத்தான் ஏறுகிறோம். எல்லாரும் எங்களை முந்திப் போகிறார்கள். போகட்டும். அண்ணன் இல்லாத அறையில் முதலாவதாக வந்து யாரிடம் காட்டுவது?