ஏணிக்குக் கிடைத்த பர்மனென்ட் போஸ்ட்

டிரான்ஸ்ஃபர் கேட்பவர்களுக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பார்கள், மேலதிகாரியின் மூஞ்சி பிடிக்கவில்லை என்று கேட்பார்கள், பெண்டாட்டிக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்பார்கள். ஆனால், மைதானத்தில் இந்தக் கோடியில் நிற்கச் சொல்கிறார்கள், எனக்கு அந்தக் கோடியிலிருந்து வர வேண்டும் என்பதற்காகக் காலேஜையே மாற்றிக்கொண்டு போனவன் இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருத்தன்தான். அவன் எங்கள் ஏணி.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அட்டெண்டன்ஸில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பான். உயரம் ஆறடி நாலங்குலம். திருவள்ளூரில் எங்கள் காலேஜுக்கு வந்த முதல் நாள் வகுப்பு வாசலில் நெற்றியை இடித்துக்கொண்டான். இரண்டாம் நாளும் இடித்துக்கொண்டான். மூன்றாம் நாள் ஜாக்கிரதையாக நின்று குனிந்தான், பின்னால் அவசரமாக வந்த லெக்சரர் அவன் முதுகில் இடித்துக்கொண்டார்.

நான் ஐந்தடி மூன்றங்குலம், ஷூவோடு சேர்த்து. எனக்கு வைத்த பெயர் அரை டிக்கெட். எங்கள் இருவரையும் ஒரே பாஸ்கெட்பால் டீமில் போட்டது விதி என்று நான் சொல்வேன். பிசிக்கல் டைரக்டர், அதாவது எங்கள் பி.டி. சார், ஆள் கிடைக்கவில்லை என்று சொல்வார்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டே விஷயம் சொல்லிவிடுகிறேன். வளையத்துக்கு அடியில் முதுகைக் காட்டிக்கொண்டு, கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் போஸ்ட். நெட்டையான ஆளைத்தான் அங்கே நிறுத்துவார்கள். இன்னொருவன் அந்தக் கோடியிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்துக் கொடுப்பான். அது பாயின்ட். ஏணி போஸ்ட், நான் பாயின்ட். குள்ளமாக இருப்பவனுக்கு அந்த ஆட்டத்தில் கிடைக்கிற இடமே அது ஒன்றுதான்.

ஏணிக்கு வேண்டியதும் அந்த இடம்தான்.

அதற்காக அவன் செய்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. பந்து தரையோடு தரையாகத் தட்டப்பட்டால்தான் எதிரி பிடுங்க முடியாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஏணி காக்களூரில் இருக்கிற வீட்டிலிருந்து காலேஜ் வரைக்கும் உடம்பை இரண்டாக மடித்து, பந்தைத் தட்டிக்கொண்டே வர ஆரம்பித்தான். ஒருநாள் பந்து பஞ்சராகிவிட்டது. பழக்கம் விடக்கூடாது என்று வெறும் கையாலேயே தட்டிக்கொண்டு குனிந்து வந்திருக்கிறான். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரர் பதறிப்போய், "இன்னா தம்பி தொலைச்ச?" என்று கேட்டிருக்கிறார். இவன் மூச்சு வாங்கிக்கொண்டே, "பாயின்ட்டு" என்றிருக்கிறான். ஏதோ நகையின் பாகம் என்று நினைத்து டீக்கடைக்காரரும், டீ குடிக்க வந்த இரண்டு வெல்டர்களும் கால் மணி நேரம் ரோட்டில் தேடியிருக்கிறார்கள்.

ஏன் இவனுக்கு இந்த ஆசை? எனக்கு மண்டை குடைந்தது. நின்ற இடத்தில் கையை நீட்டினால் கோல் விழுகிற ஆள், மெனக்கெட்டுக் குனிந்து ஓட வேண்டும் என்று ஏன் துடிக்கிறான்? டீமில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எதிரே உட்கார்ந்து பார்க்கும் பி.காம். பெண் ஒருத்திக்கு முகத்தைக் காட்டத்தான் என்றான் ஒருவன். தெற்கே பார்த்து நிற்கக் கூடாது என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார் என்றான் இன்னொருவன். எனக்கோ உள்ளுக்குள் பயம். அவனுக்கு அந்த இடம் கிடைத்தால் எனக்குப் பெஞ்சுதான். ஆகவே என் ஆராய்ச்சியில் கொஞ்சம் சுயநலமும் இருந்தது.

ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்து நேராகவே கேட்டேன்.

"மச்சி, பொறந்ததுலேர்ந்து அத்த எடு, இத்த மாட்டுன்றாங்கடா. ஊட்ல பரண் மேல அண்டா கீதா, என்னைத்தான் கூப்புடுவாங்க. தெருவுல ஃப்ளெக்ஸ் கட்டணுமா, நான்தான். பஸ்ஸுல ஏறுனா, தம்பி இந்தப் பைய மேல வையின்றாங்க. எச்.ஓ.டி. மேடம் ஊட்டாண்ட இட்டுனு போயி ஒட்டடை அடிக்க வெச்சாங்க, தெரியுமா? சரி, ஆட்டத்துக்கு வந்தா பி.டி. சாரும் கைய தூக்கினு நில்லுன்றாரு. அது ஒரு வேலையாடா? நீ பால தட்டினு வர்றப்ப, இப்ப யாருக்கு குட்க்கலாம்னு ஒரு செகண்ட் யோசிப்ப பாரு, அதான் மச்சி ஆட்டம். நானும் ஒரு தபா யோசிச்சி ஆடணும்."

போன வாரம்தான் நானும் எங்கள் வீட்டு டியூப்லைட்டை மாட்ட அவனைக் கூப்பிட்டிருந்தேன்.

மனசு கேட்காமல் அடுத்த பிராக்டீஸில், பி.டி. சார் போன் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பந்தை அவன் கையில் கொடுத்து நான் போய் வளையத்துக்கு அடியில் நின்றேன். ஏணி தட்டிக்கொண்டு வந்தான். நாலு தட்டு ஒழுங்காகத்தான் தட்டினான். ஐந்தாவது தட்டில் பந்து அவன் முழங்காலில் பட்டுப் பறந்து போய், பி.டி. சாரின் போனைக் கீழே தள்ளியது.

"ஏணிய எவன்டா நடக்க வுட்டது?" என்று கத்தினார் சார். "டேய், காட்டுப்பள்ளி போர்ட் பக்கம் ஒரு கம்பெனி டீமுக்கு நெட்டையா ஒரு ஆள் கேட்டுக்கினுகீறாங்க. நீ ஒழுங்கா நின்னா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போயிடுவ. கடைசியா சொல்றேன், உனக்கு போஸ்ட்டுதான். பர்மனென்ட் போஸ்ட்டு! புரியுதா?"

கலாட்டா ஆரம்பித்தது இந்த ஒரு வார்த்தையில்தான்.

ஏணி அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், ஷூவைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு, "நைனா, காலேஜுல எனக்கு பர்மனென்ட் போஸ்ட்டுன்ட்டாங்க. எனக்கு வாணாம்" என்று சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான்.

அவன் நைனா காக்களூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாகக் கான்ட்ராக்ட். எங்கள் பக்கத்தில் பர்மனென்ட் என்பது சாதாரண வார்த்தை இல்லை. அதைச் சொல்லிப் பெண் கேட்கலாம், லோன் கேட்கலாம், தெருவில் நடுவாக நடக்கலாம். அந்த மனிதருக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. விடிந்ததும் ஷிஃப்டுக்குப் போய் லைனில் இருந்த எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்திருக்கிறார். "டிகிரி முடிக்கறதுக்கு முன்னாடியே காலேஜுல போஸ்ட்டா!" என்று சூப்பர்வைசரே எழுந்து வந்து கை கொடுத்திருக்கிறார். மத்தியானத்துக்குள் நாலைந்து பேர் தங்கள் பிள்ளைகளின் பயோடேட்டாவை அவர் கையில் திணித்துவிட்டார்கள்.

அதே நேரத்தில் இங்கே ஏணி டி.சி. கேட்டு லெட்டர் எழுதிக் கொடுத்திருந்தான். காரணம் என்ற இடத்தில், "எனக்கு அளிக்கப்பட்ட நிரந்தர போஸ்ட் பிடிக்காததால், வேறு கல்லூரிக்குச் செல்ல விரும்புகிறேன்" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான்.

பிரின்சிபால் அதைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஆபீஸில் ஃபைல்கள் பறந்தன. யாருக்கும் தெரியாமல் ஒரு மாணவனுக்கு வேலை போட்டுக் கொடுத்தது யார்? பி.டி. சாரைக் கூப்பிட்டார்கள், ஏணியைக் கூப்பிட்டார்கள், டீம் கேப்டன் என்ற பாவத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நாங்கள் போய் நின்ற அந்த நிமிஷம் பார்த்து, கையில் மைசூர்பாகு டப்பாவும் பயோடேட்டா கட்டுமாக ஏணியின் நைனா உள்ளே வந்தார்.

"ஐயா, புள்ள அறியாம பேசிட்டான். அந்த போஸ்ட்ட வேற யாருக்கும் குட்த்துடாதீங்க."

"எந்த போஸ்ட்டுங்க?" என்றார் பிரின்சிபால்.

"அதாங்கய்யா, பர்மனென்ட்டு."

"யாரு குடுத்தது?"

நைனா நன்றியோடு பி.டி. சாரைக் கை காட்டினார். "இந்த மகராசன்தான்."

பிரின்சிபாலுக்கு முகம் சிவந்துவிட்டது. "யோவ், நானே இன்சார்ஜ் பிரின்சிபால்! எனக்கே இங்க பர்மனென்ட் இல்ல! நீ குடுத்தியா?"

"சார், சத்தியமா இல்ல சார்! நான் கெஸ்ட் லெக்சரர் சார்! வருசா வருசம் என்னையே புதுசா எடுக்கறீங்க!" என்று பி.டி. சார் அழாத குறையாகச் சொன்னார்.

நான் ஒரு சுற்றுப் பார்த்தேன். அந்த அறையில் ஒருத்தருக்கும் நிரந்தரமில்லை. நிரந்தரம் கிடைத்த ஒரே ஆள் ஏணி, அவனும் வேண்டாம் என்கிறான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிரின்சிபால் முறைத்தார். கடைசியில் நான்தான் மேஜை மேல் இருந்த காகிதத்தில் மைதானம் வரைந்து, வளையம் வரைந்து, போஸ்ட் என்றால் இந்த இடம் என்று புள்ளி வைத்துக் காட்டினேன்.

நைனா அந்தப் புள்ளியை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப வேலை இல்லியா தம்பி?"

சிரிப்பெல்லாம் போய்விட்டது எனக்கு. "இல்லீங்க" என்றேன். பிரின்சிபால் அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ கொஞ்சம் வெளிய நில்லுப்பா" என்றார்.

பத்து நிமிஷம் கழித்து ஏணி தலையைக் குனிந்து வெளியே வந்தான். "இன்னாடா ஆச்சு?" என்றேன். "பாயின்ட்டு கேட்டேன் மச்சி. முடியாதுன்ட்டாங்க. டி.சி. வாங்கிக்கினேன்" என்றான். எனக்கு வருத்தமாக இருந்தது. கூடவே, என் இடம் தப்பித்தது என்று ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு சின்ன காலேஜில் சேர்ந்தான். அங்கே பாஸ்கெட்பால் டீமுக்கு மொத்தமே ஆறு பேர். அங்கிருந்த பி.டி. சார் கோகோவில் கெட்டிக்காரர், இந்த ஆட்டத்தில் வளையம் எங்கே இருக்கிறது என்பது வரைக்கும் தெரியும். பாயின்ட் ஆடலாமா சார் என்று இவன் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "நீ எங்க வேணா நின்னுக்க நைனா, கிரவுண்டுக்குள்ள நின்னா போதும்" என்று சொல்லிவிட்டாராம்.

அடுத்த வருஷம் அவர்கள் எங்கள் மைதானத்துக்கே ஆட வந்தார்கள். ஏணி பந்தைத் தட்டிக்கொண்டு வர, அவனை மறிக்க நான். முதல் தடவை பந்து அவன் நெஞ்சுயரத்துக்கு எழும்பியது, ஆட்டையைப் போட்டேன். இரண்டாவது தடவையும் போட்டேன். இடைவேளைக்குள் ஏழு தடவை. எங்கள் பையன்கள் விசிலடித்தார்கள். "ஏணிய சாத்தி வைங்கடா" என்று ஒருவன் கத்தினான். இவன் முகத்தில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. பரீட்சை எழுதுகிறவனைப் போல நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தான்.

ஆட்டம் முடிகிற நேரத்தில் ஒரு தடவை வந்தான். இந்தத் தடவை பந்தைப் பார்க்கவில்லை, தலை நிமிர்ந்திருந்தது. ஒரு செகண்ட் நின்றான். நான் கையை நீட்டுவதற்குள், என் பின்னால் யாரும் கவனிக்காமல் நின்ற ஒரு நோஞ்சான் பையன் கைக்குப் பந்து போய்விட்டது. அவன் பயந்துகொண்டே தூக்கிப் போட்டான், விழுந்தது. அவர்கள் படுதோல்விதான் அடைந்தார்கள், ஆனால் அந்த ஒரு கோலுக்கு ஏணி மைதானத்தை முழுசாக ஒரு சுற்று ஓடினான்.

ஆட்டம் முடிந்ததும் கேலரியில் கம்பெனி யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்த அவன் நைனாவிடம் போனேன். ஷிஃப்ட் முடிந்து நேரே வந்திருந்தார்.

"நல்லா ஆட்ற கண்ணு. அவன் அன்னிக்கு சொன்னது சரிதான்" என்றார்.

"இன்னா சொன்னான்?"

"உன்னை வெளிய அனுப்ச்சாங்களே, அப்பதான். பெரிய சாரு, அந்த பால தட்டினு வர்ற எடத்த இவனுக்கே குட்த்துடுங்கன்ட்டாரு. உங்க வெளாட்டு சாரும் சரின்ட்டாரு. இவன்தான் வாணான்ட்டான். அங்க ஒரு புள்ள நல்லா ஆடினுகீது, குள்ளம், அதுக்கு வேற எடமே கெடையாது, அத உக்கார வெச்சிட்டு எனக்கு வாணாம்னான். போர்ட்டு வேலை போவுதேன்னு நான் எவ்ளோ திட்டினேன், கேக்கலியே. இன்னாவோ போ. இன்னிக்கு அந்த ஒரு தபா பால குட்த்தான் பாரு, அப்ப அவன் மூஞ்சிய பாத்தேன். சரி, இருக்கட்டும்."

மைதானத்தின் மூலையில் ஏணி பையை மாட்டிக்கொண்டிருந்தான். ஓடினேன்.

"ஏன்டா முடியாதுன்ட்டாங்கன்னு பொய் சொன்ன?"

திருட்டு முழி முழித்தான். நைனா இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தான். "நெஜத்த சொல்லியிருந்தா நீ ஆடியிருப்பியா மச்சி? பேஜாரு புட்ச்சவன், நீயும் டி.சி. வாங்கினு போயிருப்ப" என்றான்.

அழுகை வந்துவிட்டது. மறைக்க அவன் தோளில் கை போடப் பார்த்தேன், எட்டவில்லை. அவன் கொஞ்சம் குனிந்து கொடுத்தான்.